பெட்டி வந்த வழி: கோடைப் படமும் ஒரு ரசிகரின் தீர்ப்புகளும்

ரசிகன் பேசி நாம் கேட்டதில்லை. ரசிகனைப் பற்றித்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் சிறுபத்திரிகைகளில் சினிமா குறித்து எழுதப்பட்டவற்றைப் புரட்டினால் அவன் எப்போதும் ஒரு நோய்க்குறியாகவே தட்டுப்படுகிறான்: கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், கையில் பச்சை குத்திக்கொள்கிறவன், விசிலடிக்கிறவன். அவனுக்கும் ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் உண்டு, அந்த அபிப்பிராயத்துக்கு அளவுகோல்கள் உண்டு, அந்த அளவுகோல்களுக்கு ஒரு வரலாறும் உண்டு என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தூய இலக்கியவாதிகளுக்கு அவன் ரசனை கெட்டவன். இடதுசாரித் தோழர்களுக்கு அவன் பொய்யான உணர்வுநிலையில் கிறங்கிக் கிடப்பவன். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இவ்விரு தரப்பாரும் இந்த இடத்தில் மட்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

கொடைரோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார், பெரியப்பா என்று கூப்பிட வேண்டிய வயசு, பழக்கத்தில் அண்ணே என்றே கூப்பிடுகிறேன். ஐம்பது வருசமாக ஒவ்வொரு கோடைக்கும் வந்த பெரிய படத்தைப் பற்றி அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 'நின்னுச்சு', 'படுத்துருச்சு', 'தப்பிச்சுருச்சு' என்பவை அவருடைய கலைச்சொற்கள். நாம் பிரதி, சொல்லாடல் என்று சொல்வதைவிட அவை கறாரானவை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரது தீர்ப்புகளோடு நான் நடத்திய சண்டைதான்.

*

முதலில் 'கோடைப் படம்' என்கிற வகைமையையே கொஞ்சம் கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஹாலிவுட் வரலாற்றாசிரியர்கள் இதன் பிறப்பை 1975 ஜூன் 20 என்று நாள் குறித்து எழுதுகிறார்கள். ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' அன்றைக்கு அமெரிக்கா முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட திரைகளில் ஒரே நேரத்தில் வெளியானது. அதற்கு முன்னால் தொலைக்காட்சியில் விளம்பரங்களைக் கொட்டினார்கள். 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வந்து அந்தச் சூத்திரத்தை நிலைநிறுத்தியது. 'பிளாக்பஸ்டர்' என்ற சொல் இரண்டாம் உலகப்போரில் ஒரு தெருத்தொகுதியையே தரைமட்டமாக்கும் குண்டுக்கு வழங்கிய பெயர். சந்தையின் அகராதியில் வன்முறை எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஆனால் தமிழ்நாட்டில், அதுவும் திண்டுக்கல் சீமையில், இந்த வரலாறு ஜாஸுக்கு இரண்டு வருசம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1973 மே 11 அன்று 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. ஒன்பது நாள் கழித்து, மே 20 அன்று, திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனிக்கட்சி கண்ட எம்.ஜி.ஆரின் முதல் தேர்தல் அது. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. இரண்டாவதாக வந்தது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ். சென்னையில் சுவரொட்டிகளுக்கு வரியை உயர்த்திவிட்டதால் சுவரொட்டியே ஒட்டாமல் அந்தப் படத்தை வெளியிட்டார்கள் என்பதையும், படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாக மதுரை முத்து சவால் விட்டதாகச் சொல்லப்படுவதையும் இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம். வெளியாவதா இல்லையா என்பதே ஓர் அரசியல் போராட்டமாகிவிட்ட படம். கோடை விடுமுறை, வாக்குச்சீட்டு, நாயகனின் உடல் மூன்றும் ஒரே மாதத்துக்குள் வந்து விழுந்தன.

ஒசாகாவில் 1970இல் நடந்த உலகப் பொருட்காட்சியில் படமாக்கிய காட்சிகள் அதில் உண்டு. ஹாங்காங், பாங்காக் எல்லாம் உண்டு. மின்னலின் சக்தியைச் சேமிக்கக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஒருவன், அவனைத் தேடிப் போகும் தம்பி ஒருவன், இரண்டும் எம்.ஜி.ஆர். நம் விமர்சகர்கள் இதைத் தப்பித்தல் என்பார்கள். அண்ணன் சொன்னது வேறு.

"ஜப்பான நான் பாத்தது மணல்ல உக்காந்து, தம்பி. படம் வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் எங்க டூரிங்குக்குப் பெட்டி வந்துச்சு. அப்ப எலெக்சனும் முடிஞ்சுபோச்சு, லீவும் முடிஞ்சுபோச்சு. படத்துல பூராம் மழைக்கோடு. ஜப்பான்ல எந்நேரமும் மழ பேயுதுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தேய்ந்த பிரிண்டின் கீறலை ஜப்பானின் மழையாகப் பார்த்த அந்தப் பத்து வயசுக் கண்ணைத்தான் நம் கோட்பாடுகள் பார்க்கத் தவறிவிட்டன என்று எனக்குப் படுகிறது.

*

விநியோகஸ்தர்கள் ஊர்களை ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பிரித்தார்கள். பார்வையாளர்களை வரிசைப்படுத்தும் இந்த ஏற்பாட்டை, வருணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம் ஏன் ஒருதரம்கூடத் தொடவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. சித்திரை ஒண்ணாம் தேதி மதுரையில் வெளியாகிற படம் ஏ சென்டருக்குக் கோடைப் படம். திண்டுக்கல்லில் அது ஓடி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று இறங்கி, கடைசியில் அம்மையநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகைக்கு வரும்போது அது ஐப்பசிப் படமாகவோ அடுத்த மாசிப் படமாகவோ ஆகியிருக்கும். ஆக 'கோடை' என்பது காலம் மட்டுமில்லை, இடம். யார் கோடையில் இருக்கிறார்கள், யார் கோடைக்குக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பெட்டி தீர்மானித்தது.

இந்த ஊரின் பெயரே அப்படிப்பட்டதுதானே. ரயில் நிலையப் பலகையில் கொடைக்கானல் ரோடு. வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலையேறுவதற்கு இறங்கிய இடம். சீசன் என்றால் மேலே போகிறவர்களுக்குக் குளிர்ச்சி, கீழே இருக்கிறவர்களுக்கு அவர்கள் கிளப்பிவிட்டுப் போகிற புழுதி. அண்மையில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7இலிருந்து மலைக்குப் போக இ-பாஸ் என்று வைத்தார்கள். கீழே வெயிலில் இருப்பதற்கு எந்தக் காலத்திலும் பாஸ் கேட்டதில்லை என்று அண்ணன் சொன்னார். கோடை என்பது இன்னொருவருக்காகத் தயாரிக்கப்படுகிற ஒரு சரக்கு, நாம் அதன் பாதையில் குடியிருக்கிறோம் என்கிற உணர்வு இந்த ஊர்க்காரர்களுக்குப் படத்துக்கு முன்பே உண்டு.

கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்த தமது சிறு நூலில் முக்கியமான ஒரு கருத்தை வைத்தார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை மையம் சினிமா கொட்டகை. அங்கே இருக்கை வரிசை சாதிப் படிநிலையை வைத்து அமையவில்லை, வாங்கும் சக்தியை வைத்து அமைந்தது என்பது அதன் சாரம். இதை மேற்கோள் காட்டாத தமிழ் சினிமா ஆய்வு இல்லை. நானும் எம்.ஏ. படிக்கும்போது பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். அண்ணனிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தர டிக்கட்டு எல்லாருக்கும் ஒரே காசுதான். அது நெசம். மணலைக் குமிச்சு உசரமாக்கி உக்காருவோம். ஆனா எங்க காலனிப் பயலுக ஒரு பக்கம், ஊர்ப் பயலுக ஒரு பக்கம். யாரும் சொல்லல. போர்டு வைக்கல. அங்கிட்டுப் போக மாட்டோம், அம்புட்டுத்தான். லைட்ட அணைச்சப்பெறகு கொஞ்சம் நகந்து உக்காந்துக்கிருவோம்."

சிவத்தம்பி சொன்னது கொட்டகையின் சட்டம். அண்ணன் சொன்னது கொட்டகையின் மணல். விளக்கு எரியும்போது ஒரு சமூகமும் அணைந்தபின் இன்னொரு சமூகமும் அதே கூரைக்குக் கீழே இருந்திருக்கின்றன. இருட்டில் நகர்ந்து உட்கார்ந்த அந்த ஒரு முழம்தான் சினிமா நமக்குத் தந்த சமத்துவத்தின் நீளம் என்றால் அதைக் குறைத்துச் சொல்வதாகாது, கூட்டிச் சொல்வதாகவும் ஆகாது.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தமது 'இமேஜ் ட்ராப்' நூலில் கிராம்ஷியைக் கையில் எடுத்துக்கொண்டு, அடித்தள மக்கள் தங்களுக்கு எதிரான ஓர் ஆட்சிக்கு எப்படி மனமுவந்து சம்மதம் தந்தார்கள் என்று கேட்டார். எம்.ஜி.ஆர். ஆட்சியின் வரிகள், சாராயக் கொள்கை, போலீஸ் ஒடுக்குமுறை எல்லாவற்றையும் கணக்கெடுத்து அவர் போட்ட அந்தக் கேள்வி இன்னும் கனமானது. அதை ஒதுக்க நான் வரவில்லை. ஆனால் சம்மதம் என்கிற சொல்லுக்குள் ரசிகனின் பேச்சு காணாமல் போய்விடுகிறது. அண்ணன் இன்றைக்கும் இரட்டை இலைக்காரர். அவரிடம் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பற்றிக் கேட்டால் புகழ மாட்டார். "படத்துல பாத்தது வாத்தியாரு. கோட்டையில இருந்தது வேற ஆளு. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி" என்பார். இதுதான் இரட்டை வேடத்தின் அழகியல். விஞ்ஞானி ஒருவன், தேடிப்போகிற தம்பி ஒருவன். நாற்பது ஐம்பது வருசம் ஒரு முகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பார்வையாளரை 'மயங்கியவர்' என்று எந்த அளவுகோலால் சொல்வது? மயங்காமலே ஓட்டுப் போட்டிருக்கிறார். எனக்கு இது மயக்கத்தைவிடக் கவலை தருகிறது. பாண்டியனின் கேள்வியை இந்த இடத்திலிருந்து மறுபடியும் கேட்க வேண்டும்.

*

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். ரசிகையைப் பற்றித் தமிழ் நவீன இலக்கியம் எழுதிய பிரசித்தமான பிரதி அதுதான். கட்டட வேலை செய்யும் பெண் ஒருத்தி, திரையில் வரும் நாயகன் மேல் கொண்ட மோகத்தால் சீரழிகிறாள். அனுதாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உழைக்கும் பெண்ணுக்குச் சினிமா என்றால் ஆசை மட்டும்தான், அந்த ஆசைக்குத் தண்டனை மட்டும்தான் என்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? படம் பார்த்துவிட்டு 'ரெண்டாவது பாதி இழுவை' என்று சொல்லவாவது அந்தச் சித்தாளை விட்டிருக்கலாம்.

இங்கே அண்ணனின் மதினியைக் கொண்டுவர வேண்டும். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிற மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கிறவர். கோடைப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். சிரித்தார். "கோடையில ஏதுப்பா படம்? கோடையில பூவுல்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மல்லிகை பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் அள்ளிக் கொட்டும். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். இருட்டோடு எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் குனிகிறார்கள். பையன்கள் ரசிகர் காட்சிக்குப் போகிற அதே அதிகாலை நாலு மணி. ஒரே வீட்டிலிருந்து அந்த நேரத்துக்கு இரண்டு பேர் கிளம்புகிறார்கள், ஒருத்தி பூவுக்கு, ஒருவன் படத்துக்கு. டிக்கெட் காசு எந்தக் கையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோடைப் படத்தின் முதல் நாள் வசூல் என்று நாம் படிக்கிற தொகையில் பூப்பறிப்புக் கூலியும் இருக்கிறது. உபரி, உழைப்பு, கலாச்சாரத் தொழில் என்றெல்லாம் அடோர்னோவை வைத்து எழுதுகிற நம் கட்டுரைகளில் மல்லிகைக்கு இடம் கிடைத்ததில்லை.

2023 ஜனவரியில் சென்னையில் ஒரு படத்தின் முதல் காட்சிக் கொண்டாட்டத்தில் லாரி மேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயசுப் பையன் கீழே விழுந்து செத்துப்போனான். அதற்கப்புறம் அதிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி ஒன்பது மணி என்றானது. பூப்பறிக்கிற நேரத்தை யாரும் ஒன்பது மணிக்கு மாற்றவில்லை.

*

'கில்லி' 2004 ஏப்ரல் 17இல் வந்தது, 2003இல் வந்த தெலுங்கு 'ஒக்கடு'வின் மறுஆக்கம். சென்னைப் பையன் கபடி ஆட மதுரைக்கு வருகிறான். மதுரையின் முரட்டு முதலாளியிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போகிறான். இது ஒரு காலனியக் கதையாடல் என்பது என் வாதம். நகரம் நாகரிகம், மதுரை காட்டுமிராண்டித்தனம். கபடி என்கிற மண்ணின் விளையாட்டைக்கூடச் சென்னைதான் வந்து ஆடிக் காட்ட வேண்டும். 2000க்குப் பிறகு வந்த பல படங்களில் மதுரை என்பது ஓர் ஊரில்லை, ஒரு அரிவாள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ படிச்சவன், ஊரப் பாக்குற. நான் ஆளப் பாக்குறேன். முத்துப்பாண்டி மாதிரி ஆளு இங்க இல்லேங்கிறியா? இருக்கான். அவனுக்கு எதிரா ஒருத்தன் கைய ஓங்குனா அவன் மெட்ராஸ்காரனா இருந்தா என்ன, மலையாளத்தானா இருந்தா என்ன?" என்றார். இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை, இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது. பிரதியில் மதுரை அவமானப்படுவதாக நான் படிக்கிற இடத்தில், மதுரையின் ஒரு குறிப்பிட்ட அதிகாரம் அடிவாங்குவதாக அவர் படிக்கிறார். உள்ளூர் ஆதிக்கத்துக்குக் கீழே வாழ்கிறவருக்கு வெளியூர் நாயகன் தேவைப்படுகிறான். 'மண்ணின் மைந்தன்' என்ற முழக்கம் யாருடைய மண், யாருடைய மைந்தன் என்று கேட்காதவரைக்கும்தான் இனிக்கும்.

கில்லி இருபது வருசம் கழித்து 2024 ஏப்ரல் 20 அன்று மறுபடி வெளியானது. முதல் நாள், ஏப்ரல் 19, தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அந்தப் படத்தின் நாயகன் பிப்ரவரியில்தான் கட்சி தொடங்கியிருந்தார். அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. 1973இல் படம் முந்தியது, ஓட்டு பிந்தியது. 2024இல் ஓட்டு முடிந்த மறுநாள் படம், அதுவும் பழைய படம். அந்தக் கோடைக்குப் புதிய பெரிய படம் இல்லாததால் பழையதைத் தூசி தட்டினார்கள் என்பது வியாபார விளக்கம். ஆனால் கூட்டம் கூட்டமாகப் போய் ஆடியவர்களில் பலர் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். தான் வாழாத ஒரு கோடைக்கான ஏக்கத்தை அவர்களுக்கு யார் ஊட்டியது?

இங்கேதான் ரசிகனின் பேச்சுக்கு நேர்ந்திருப்பதைச் சொல்ல வேண்டும். அண்ணனின் சொற்கள் படத்தின் நாள்களை எண்ணின: நூறு நாள், வெள்ளிவிழா. நாள் என்பது பார்க்கிறவர்களின் கணக்கு. எத்தனை பேர் எத்தனைமுறை வந்தார்கள் என்பதன் கணக்கு. அவருடைய பேரன் கோடிகளை எண்ணுகிறான். முதல் நாள் எவ்வளவு, வெளிநாட்டில் எவ்வளவு, பக்கத்து நடிகரின் படத்தைவிட எவ்வளவு கூட. தயாரிப்பாளரின் கணக்குப்பிள்ளை பேசவேண்டிய பேச்சைச் சம்பளம் இல்லாமல் பேசுகிறான். படம் நன்றாக இருந்ததா என்று கேட்டேன், வசூலைச் சொன்னான். மறுபடி கேட்டேன், மறுபடி வசூலைச் சொன்னான். ரசிகனிடமிருந்து டிக்கெட் காசை எப்போதும் எடுத்தார்கள். இப்போது தீர்ப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

படங்களும் இதற்குத் தோதாக மாறிவிட்டன. 2022 ஜூன் 3இல் வந்த 'விக்ரம்' கமல் ரசிகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் இயக்குநர் எடுத்தது. 2025 ஏப்ரல் 10இல் வந்த 'குட் பேட் அக்லி' அஜித் ரசிகர் ஒருவர் எடுத்த அஜித் படம். நாயகனின் முந்தைய படங்களின் சைகைகள், தோற்றங்கள், பழைய பாட்டுகள் எல்லாவற்றையும் கோர்த்துக் கட்டியது. ரசிகன் இயக்குநராவது ஜனநாயகம் என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசிகன் இருபது வருசம் தன் நினைவில் சேர்த்துவைத்ததை எடுத்து அவனிடமே திரும்ப விற்கிறார்கள். விசில் அடிக்க வேண்டிய இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. மழைக்கோட்டை ஜப்பான் மழையாகப் படிக்கிற மாதிரியான பிசகுக்கு, அதாவது வாசிப்புக்கு, அதில் சந்து இல்லை.

கோடையில் வந்த படங்களில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையில்லாமல் போனது ஒன்றுதான்: 2021 ஏப்ரல் 9இல் வந்த 'கர்ணன்'. வந்த மறுநாளே கொரோனாவுக்காகத் தியேட்டரில் பாதி இருக்கை என்று அரசு உத்தரவு. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய அட்டூழியத்தை நினைவுபடுத்தும் படம். கதை நடக்கும் காலம் 1997 என்று முதலில் போட்டிருந்தார்கள். 95இல் இருந்தது அ.தி.மு.க. ஆட்சி, 97 தி.மு.க. ஆட்சி என்று எதிர்ப்புக் கிளம்பியதும் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். வருசத்தைத் திருத்தச் சொன்னது வரலாற்றுரீதியாக நியாயம். திருத்தியதும் வருசமே காணாமல் போனது என்ன நியாயம் என்று தெரியவில்லை. இரட்டை இலைக்காரரான அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்கு ஆவலாக இருந்தது. "எங்க ஆட்சிதான். போடட்டுமே, தொண்ணூத்தஞ்சுன்னே போடட்டுமே. வருசத்த மாத்துனா லத்தி மாறிருமா?" என்றார். கட்சிப் பத்திரிகை எதுவும் அவ்வளவு சுருக்கமாக எழுதவில்லை.

அந்தப் படத்தைத் திண்டுக்கல்லில் பார்த்தார். இந்தப் பக்கத்து டூரிங் கொட்டகைகள் எப்போதோ பிரிக்கப்பட்டுவிட்டன. டிஜிட்டல் வந்தபின் பெட்டியே இல்லை. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வெளியீடு, சி சென்டர் என்பது ஒழிந்தது என்கிறார்கள். ஒழிந்தது உண்மைதான், சி சென்டரோடு கொட்டகையும். முன்பு படம் ஒரு வருசம் கழித்து அவரைத் தேடி வந்தது. இப்போது முதல் நாளே பஸ் ஏறி அவர் படத்தைத் தேடிப் போக வேண்டும். போய்வரச் செலவு, டிக்கெட், இடைவேளையில் ஒரு டீ: ஒருநாள் மருந்தடிக் கூலியில் பாதிக்கு மேல்.

இரண்டு வருசம் முன்னால் ஒரு சித்திரையில், பூ விலை படுத்துப்போய்ப் பறிப்பே நின்றிருந்த வாரத்தில், மதினியையும் கூட்டிக்கொண்டு ஏ.சி. தியேட்டருக்குப் போயிருக்கிறார். மதினிக்கு அது எத்தனையோ வருசத்துக்குப் பிறகு வாய்த்த கோடைப் படம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பேரு ஞாபகமில்லப்பா. ஒரே சுட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் நல்லாத் தூங்கிட்டேன்."

"நூத்தம்பது ரூவா டிக்கட்டு" என்றார் அண்ணன், இன்னமும் ஆறாமல்.

"குளுகுளுன்னு மூணு மணி நேரம். சித்திரையில எனக்கு யாரு குடுத்தா?" என்றார் மதினி.